பெட்டி இழுத்த கோடு

இரும்புப் பெட்டியை மொசைக் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா அம்மா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏழு வாரம் நான் அதைக் கேட்டேன். காலை எட்டே முக்காலுக்கு ஒரு தரம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தரம், என் தலைக்கு நேர் மேலே. முதலில் ஒரு முனகல். அப்புறம் நீளமாக ஒரு கீறல். கடைசியில் கதவில் போய் முட்டி 'ணங்'கென்று ஒரு முடிவு. பல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் சத்தம்.

நீங்கள் குனிந்து பார்க்கிறீர்களே, அந்தக் கோடு அதுதான். கட்டில் கிடந்த மூலையிலிருந்து வாசல் கதவு வரைக்கும் வளைந்து போகிறது பாருங்கள். இரண்டு தரம் பாலீஷ் போட்டாயிற்று. ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது, தரை காய்ந்ததும் வந்துவிடுகிறது. வீட்டில் வேறு ஒரு குறையும் கிடையாது. காற்றைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை உச்சி தெரியும், இப்போது எதிரே ஒரு மாடி எழும்பிவிட்டது, அதனால் பாதி தெரியும்.

உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரர் வர இன்னும் நேரம் இருக்கிறதே. எனக்கும் பேச ஆள் வேண்டும்.

வீட்டு புரோக்கர் என்று என்னைச் சொல்வார்கள். அது என் கணவர் செய்த தொழில். அவர் போன பிறகு நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டடத்தில் எட்டு வீடு. ஓனர் மஸ்கட்டில் இருக்கிறார். ஆள் வைப்பது, சாவி கொடுப்பது, குழாய் ஒழுகினால் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் இருப்பது கீழே, இரண்டாம் நம்பர், இந்த அறைக்கு நேர் கீழேதான் என் முன்னறை. அந்தக் காலத்தில் நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். எனக்கு எதையும் எழுத்தில் வைக்க வேண்டும். யாராவது ஒரு குறை சொன்னால் நோட்டில் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடும், பாதி வேலை முடிந்த மாதிரி. வேறு எந்த புரோக்கர் இப்படிச் செய்கிறார் சொல்லுங்கள்.

அவர்கள் சித்திரைக் கடைசியில் குடி வந்தார்கள். தாயும் மகளும். தாய் பெயர் அருளம்மாள். கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து இறந்தவர். மகள் ஜெசிந்தா, ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். பகல் முழுக்க அந்தம்மாள் தனி. முட்டி வலிக்காரர், மாடிப்படி இறங்கமாட்டார். நல்ல மனுஷி. வந்த மூன்றாம் நாளே ஒரு தூக்கில் அச்சு முறுக்கு கொடுத்தனுப்பினார். நான் குறை சொல்லவே மாட்டேன்.

பிரச்சினை இந்தக் கதவுதான். அப்போது கதவு கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலே இருந்த தாழ்ப்பாள் தன் ஓட்டையில் போய் விழாது, அரை அங்குலம் தள்ளி நிற்கும். வெளியிலிருந்து பூட்டலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. உள்ளே இருக்கிறவர் போட்டுக்கொள்ளத்தான் வேறு வழி இல்லை. தள்ளினால் திறந்துகொள்ளும். அவ்வளவுதான் விஷயம். அதற்காக அந்தப் பெண் வந்த வாரமே கீழே இறங்கி வந்துவிட்டாள். அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கிறாள், தாழ்ப்பாளை மட்டும் சரி பண்ணிக்கொடுங்கள் ஆன்ட்டி என்றாள். நோட்டில் எழுதினேன். வைகாசி இரண்டு. இப்போதும் காட்டுகிறேன் வேண்டுமானால்.

வெளியில் பூட்டிக்கொண்டு போயேன் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஆபத்து என்றால் அம்மா எப்படி வெளியே வருவாள் என்று கேட்டாள். ஆபத்து ஆபத்து என்று நினைத்தால் ஆபத்து வராமல் என்ன செய்யும்?

வைகாசியில் தங்கமுத்து ஆசாரி மண்ணச்சநல்லூரில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். ஆனியில் அவர் மகளுக்குப் பிரசவம். வேறு ஆசாரியைக் கூப்பிடலாமே என்றாள் அந்தப் பெண். பதினெட்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்கு அவர்தான். மனுஷருக்கு மனசு கஷ்டப்படாதா? ஓனரிடம் கேட்டீர்களா என்றாள். ஓனர் வெள்ளிக்கிழமைதான் பேசுவார், அங்கே அதுதான் லீவு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உடைசல் விரிசல் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அப்புறம் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள், நான் கண் அசருகிற நேரத்தில் கூப்பிடுவாள். நான் எடுப்பதில்லை என்று பக்கத்து வீட்டில் குறை சொன்னாளாம். ஒரு மாடிதானே, இறங்கி வந்து சொல்லலாமே. வந்து சொன்னால் எழுதிக்கொள்வேன். எழுதிக்கொண்டும் இருக்கிறேன். மொத்தம் ஆறு தரம்.

ஆனி பிறந்ததும்தான் பெட்டிச் சத்தம் தொடங்கியது. அது அருளம்மாளின் கணவர் பெட்டி. ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எல்லாம் வைத்த இரும்புப் பெட்டி, இரண்டு ஆள் தூக்கவேண்டும். மகள் வேலைக்குப் போனதும் அந்தம்மாள் முட்டி வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து அதை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார். மகள் வந்து குரல் கொடுத்தால் மறுபடி இழுத்து வழி விடுவார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எட்டே முக்கால் என்பது நான் குளித்து, விளக்கேற்றி, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிற நேரம்.

ஒருநாள் அருளம்மாளே இறங்கி வந்தார். அந்த முட்டியோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு நிமிஷம். அன்றைக்கு ஆடி ஒன்று.

"எங்க வூட்டுக்காரரு சாமானெல்லாம் மேலயே கெடக்குதுங்கம்மா. ஒரு ஓட்ட போட்டா சோலி முடிஞ்சுது. நானே போட்டுக்குறேன், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

நான் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நிலைவாசலில் கை வைக்கக்கூடாது. நிலை என்பது வீட்டுக்கு நெற்றி மாதிரி. ஆடியில் அதில் துளை போட்டால் வீட்டுக்கு ஆகாது. என் கணவர் இருந்தவரை ஆடியிலும் மார்கழியிலும் எந்த வீட்டு வாசலிலும் ஒரு ஆணி அடித்ததில்லை. ஆவணி பிறக்கட்டும், முதல் நாளே ஆள் அனுப்புகிறேன் என்றேன்.

"எங்களுக்கு ஆடி மார்கழியெல்லாம் கெடையாதுங்களேம்மா."

"உங்களுக்கு இல்லை. வீட்டுக்கு உண்டே" என்றேன்.

அந்தம்மாள் மறுபடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறினார். ஏறுவதற்கு இறங்கியதைவிட நேரம் பிடித்தது. அதையும் எழுதினேன். ஆடி ஒன்று, தாமே ஓட்டை போட அனுமதி கேட்டார், மறுத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் சிரிப்புக்கூட உண்டு. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வேன். ஐந்தாம் நம்பரில் ஒரு அம்மாள் இருக்கிறார், கதவுக்குத் தாழ்ப்பாள் விழவில்லை என்று தினம் ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டி இழுக்கிறார், மகள் வருகிற வரைக்கும் அதற்குப் பின்னால் கோட்டை ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். இடம் பார்க்க வருகிறவர்களிடம் ஏதாவது பேசவேண்டுமே. வெறும் சுவரையா காட்டுவது? ஆடி நடுவில் மூன்றாம் நம்பர் காலியாக இருந்தது. அதைப் பார்க்க ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தணிவான பேச்சு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அவர்தான் எல்லாரையும்விட நன்றாகச் சிரித்தார். பெட்டி அவ்வளவு கனமா, அந்தம்மாவுக்கு வேறு ஆள் துணை இல்லையா என்றெல்லாம் கேட்டார். அக்கறையாகக் கேட்கிற மனுஷர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். வீடு பிடித்திருக்கிறது, மனைவியோடு வருகிறேன் என்று போனவர் அப்புறம் வரவில்லை. இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான்.

பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு என் தங்கை குடும்பம் வந்திருந்தது. காவிரிக்குப் போய்விட்டு வந்து, சித்திரான்னம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மேலே அந்தச் சத்தம். பண்டிகை நாள், ஜெசிந்தாவுக்கு வேலை உண்டுபோல. என் தங்கை காதைப் பொத்திக்கொண்டு, என்னக்கா இது, சவப்பெட்டி இழுக்கிற மாதிரி என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மேலே ஏறிப்போனேன்.

கதவைத் தட்டினால் மறுபடி அதே முனகல், அதே கீறல். பெட்டி நகர்ந்து கதவு திறந்தபோது அந்தம்மாள் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நான் தரையைத்தான் பார்த்தேன். இந்தக் கோடு. அழகான மொசைக், இந்த நிறம் இப்போது கிடைப்பதே இல்லை. நான் நயமாகத்தான் பேசினேன். இனி இந்தப் பெட்டியை இழுக்கக்கூடாது, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், இன்னும் பதிமூன்று பதினாலு நாளில் ஆவணி வந்துவிடும் என்றேன். நான் கீழேதானே இருக்கிறேன், ஏதாவது என்றால் ஒரு தட்டு தட்டுங்கள், ஓடி வருகிறேன் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஆறுதலுக்குச் சொன்னது.

"சரிங்கம்மா" என்றார். நான் நிற்கும்போதே கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் எட்டே முக்கால் ஆயிற்று. சத்தம் இல்லை. என்ன நிம்மதி தெரியுமா? காகம் கத்துவது, யாரோ வாசலில் தண்ணீர் தெளிப்பது, ஆடிக்காற்றில் எங்கோ ஒரு தகரம் படபடப்பது. இதெல்லாம் ஏழு வாரமாக எங்கே போயிருந்தன என்று இருந்தது. ஒரு கவிதைகூட எழுதலாம் போல இருந்தது. எழுதவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆடி இருபத்தொன்று. பகல் பதினொன்று இருபது. நான் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பொத்தென்று ஏதோ விழுந்தது. சரி, பாத்திரமோ என்னமோ என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் படியில் யாரோ இறங்கிப் போனார்கள், நிதானமாக, அவசரமே இல்லாமல். அதற்கு அப்புறம் தட்டுகிற சத்தம். தரையில், என் தலைக்கு நேர் மேலே. மூன்று தட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று தட்டு. எதிலோ இரும்பால் தட்டுகிற மாதிரி.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பெட்டியை இழுக்காதே என்றதற்கு இப்படி ஒரு பதிலா? முட்டி வலிக்கிற அம்மாளுக்கு இந்தப் பிடிவாதமா? ஒட்டடைக் குச்சியை எடுத்தேன். அதன் அடிப்பக்கத்தால் கூரையில் நானும் தட்டினேன். ஓங்கி, நாலைந்து தட்டு. மேலே ஒரு தரம் தட்டினார்கள். நான் மறுபடி தட்டினேன். நின்றுவிட்டது.

அப்புறம் சத்தமே இல்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: ஆடி இருபத்தொன்று, பகல் 11.20, ஐந்தாம் நம்பரில் சத்தம், வேண்டுமென்றே. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், கோபத்தில் எழுதினது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு நல்ல தூக்கம். நாலு மணிக்குத்தான் எழுந்தேன்.

ஆறு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். கதவு லேசாகத் திறந்தே இருந்ததாம். அவள் போட்ட சத்தத்தில் எட்டு வீடும் வெளியே வந்துவிட்டது. நானும் போனேன். அருளம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். தலையில் அடி, வாயில் துண்டை அடைத்துப் பின்கழுத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. கழுத்துச் சங்கிலி இல்லை, காதில் இருந்ததும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பாதி இழுத்த பெட்டி, மூடி திறந்து கிடந்தது. கையில் ஒரு ஸ்பேனர். விரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன், மறைக்க எனக்கு என்ன இருக்கிறது. வைகாசி இரண்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். படித்து முடித்து மூடி வைத்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருக்கீங்கம்மா" என்றார். படித்தவர்களுக்குத்தான் படித்தவர்கள் அருமை தெரியும். அந்தப் பதினொன்று இருபது கேஸுக்கு ரொம்ப உதவியாக இருந்தது என்றும் சொன்னார். நான் நேரம் போடாமல் விட்டிருந்தால்?

ஆளைப் பிடித்துவிட்டார்கள். பத்து நாளில், விராலிமலை பஸ் ஸ்டாண்டில். போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, இவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். வீடு பார்க்க எத்தனையோ பேர் வந்து போகிறார்கள், எல்லா முகமும் நினைவிருக்குமா? இல்லை என்று சொல்லிவிட்டேன். போட்டோவில் சிரிக்கவில்லை அவர். சிரிக்காவிட்டால் முகம் வேறு மாதிரி இருக்குமில்லையா?

எனக்கு நடந்ததை யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் வீடு காலி. தெருவில் போனால் பேச்சை நிறுத்துவார்கள். நாலாம் நம்பர்க்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தார்கள். ஓனர் வெள்ளிக்கிழமை இல்லாமல் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு என்னை என்னென்னவோ கேட்டார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். நான் முன்னறையில் படுப்பதையும் விட்டுவிட்டேன். அங்கே வெளிச்சம் அதிகம்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன் அம்மா. ஆவணி ஒன்றாம் தேதி காலையில் தங்கமுத்து ஆசாரி வந்தார். ஒரே ஒரு ஓட்டை, பத்து நிமிஷ வேலை. போட்டுப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி விழும்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தாவும் சாவி கொடுக்க வந்தாள். ஆசாரி மேலே துளை போட்டுக்கொண்டிருக்கிறார், இவள் கீழே என் முன்னறையில் நிற்கிறாள். சாவியை என் மேஜை மேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"ஆன்ட்டி, அன்னைக்கு அம்மா தட்டினாங்களா?"

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. தட்டினார், மூன்று மூன்றாகத் தட்டினார் என்றேன். நானும் திருப்பித் தட்டினேன், அப்புறம் நிறுத்திவிட்டார் என்றேன். போலீஸிடம்கூட அதை நான் சொல்லவில்லை. நோட்டில் இல்லாததை அவள் கேட்டாள் என்பதற்காகச் சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு உண்டா? கையை எடுத்துக்கொண்டு மாடிக்குத் திரும்பிப் போனாள். பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தானே இழுத்துக்கொண்டு இறங்கினாள். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'ணங்'. ஒரு படிக்கு ஒரு நிமிஷம். நான் கதவைச் சாத்திக்கொண்டு அது முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அப்புறம் இந்த வீட்டில் நாலு குடும்பம் இருந்து போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சமையலறை ஜன்னல் கம்பி ஆடுகிறது என்றீர்களே, பார்த்தேன், இரண்டு கம்பிதான். நோட்டில் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை ஆடி பிறக்கிறது, இனி சுவரை உடைத்துக் கம்பி பதிக்கிற வேலை ஆவணியில்தான். பகலில் உங்கள் மாமியார் மட்டும் இருப்பார் என்றீர்கள். இருக்கட்டும், நான் கீழேதானே இருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? அருளம்மாளா? அவர் உடனே இறந்துவிட்டாரா என்றா?

இல்லை அம்மா. டாக்டர் எழுதிக்கொடுத்ததில், பிற்பகல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்று இருந்தது.